வாலாஜா ஏரியிலிருந்து பெருமாள் ஏரி வரை



சேத்தியாத்தோப்பிலிருந்து வடலூருக்குச் செல்லும் வழியில், கரைமேட்டை ஒட்டி ஒரு பெரிய ஏரி உள்ளது. வாலாஜா ஏரி என்பது அதன் பெயர். நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீர் இதில் வந்து சேர்கிறது. இங்கிருந்து வெளியேறும் நீர் பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரியை அடைந்து, பாசனத்திற்குப் போக மீதமுள்ளது கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. ஒரு நவாபின் பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி நிரம்பி, பெருமாளின் பெயரைத் தாங்கிய ஏரிக்கு நீர் விடுகிறது. இதை யாரும் திட்டமிட்டு மத நல்லிணக்கத்திற்காகச் செய்யவில்லை. நிலத்தின் சரிவு அப்படி அமைந்திருக்கிறது. தண்ணீர் தன் வழியே போகிறது. பெயர்கள் அதன் கரையில் நிற்கின்றன.

'வாலா' என்றால் பாரசீகத்தில் உயர்ந்த, 'ஜாஹ்' என்றால் தகுதி, அந்தஸ்து. 1749 முதல் 1795 வரை ஆற்காட்டு நவாபாக இருந்த முஹம்மது அலீக்கு முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வழங்கிய பட்டம் அது. சென்னையின் வாலாஜா சாலையும், ராணிப்பேட்டையை அடுத்த வாலாஜாபேட்டையும், காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்தும், 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலும் அதே பட்டத்தைச் சுமக்கின்றன. மக்தபில் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒரு சிறுவன், "அப்ப நம்ம ஏரியும் சென்னையும் சொந்தக்காரங்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஒருவகையில் ஆம் என்றேன்.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். ஃபிக்ஹும் ஹதீஸும் கற்பித்துப் பிழைப்பவன். ஆயினும் நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் சில காலமாக இருந்துவருகிறது. அதற்கான காரணம் ஒரு வக்ஃபுப் பத்திரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மண்ணில் பெயர்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அடியில் இருப்பது சோழர் அடுக்கு. தென்புறத்தில் கடலெனக் கிடக்கும் வீராணம் ஏரிக்கு, முதலாம் பராந்தக சோழனின் 'வீரநாராயணன்' என்ற பட்டமே பெயரானது. வாய்வழக்கில் தேய்ந்து வீராணம் ஆயிற்று. இன்று அதன் நீர் குழாய் வழியே சுமார் 235 கிலோமீட்டர் சென்று சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டம் தெரியும்? மும்முடிச்சோழகன் என்றொரு சிற்றூர் நமக்கு அருகில் உள்ளது; மும்முடிச்சோழன் என்பது முதலாம் இராஜராஜனின் பட்டம். மந்தாரக்குப்பத்தை உள்ளடக்கிய பேரூராட்சிக்குக் கங்கைகொண்டான் என்று பெயர். அது அவர் மகன் இராஜேந்திரனின் பட்டம். வளையமாதேவி போன்று 'மாதேவி' என முடியும் ஊர்களைக் காணும்போது சோழ அரசியரின் நினைவு வரும். பேருந்துக் கண்டக்டர் இவற்றைக் கூவிக்கொண்டே போகிறார். நாமும் சில்லறையை எண்ணியபடி இறங்கிவிடுகிறோம்.

சேத்தியாத்தோப்பை அடுத்த எறும்பூரைப் பற்றி ஒரு சிறு செய்தி. அங்குள்ள சிவன் கோயில் பராந்தகனின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 935 வாக்கில் கற்றளியாக எழுந்தது. கல்வெட்டுகளில் அவ்வூரின் பெயர் 'உருமூர்'. காலப்போக்கில் உருமூர் எறும்பூராகிவிட்டது. பொருள் புரியாத சொல்லைக் கேட்கும் காது, தனக்குத் தெரிந்த சொல்லொன்றை அதில் கேட்டுவிடுகிறது. எங்கள் மாணவர்களுக்கோ எறும்பூர் என்றதும் அந்நம்ல் அத்தியாயமும் (27:18) சுலைமான் (அலை) அவர்களின் படையும் நினைவுக்கு வந்துவிட்டன. உருமூர்தான் பழைய பெயர் என்று விளக்கிய பிறகும் அவர்கள் முகத்தில் சிறிது ஏமாற்றம் இருந்தது. எறும்புகளின் பள்ளத்தாக்குக்கு அருகில் வாழ்வது பெருமையல்லவா!

நம் சமுதாயம் பதித்த பெயர்கள் இந்த அடுக்குகளின் மேலே வருகின்றன. பரங்கிப்பேட்டையின் வரலாற்றைப் பெயர்களாலேயே எழுதிவிடலாம். போர்ச்சுகீசியர் அதைப் 'புதிய துறைமுகம்' என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். தமிழில் நிலைத்த பெயரிலுள்ள 'பரங்கி'யோ 'ஃபரங்கி' என்ற சொல்லின் தமிழ் வடிவம். ஐரோப்பியரைக் குறிக்க அரபுகளும் பாரசீகரும் வழங்கியது. ஆக, போர்ச்சுகீசியரைக் குறிக்கத் தமிழர் எடுத்துக்கொண்ட சொல் முஸ்லிம்களிடமிருந்து வந்தது. 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலீக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் அங்கே நடந்த போரை ஆங்கில நூல்கள் போர்ட்டோ நோவோ போர் என்றே குறிக்கும்.

லால்பேட்டையை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லால்கான் ஜாமிஆ மஸ்ஜிதின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1862 முதல் மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி அங்கே ஆலிம்களை உருவாக்கி வருகிறது. 'தைக்கால்' என்று பெயர்பெற்ற இடங்களும் உண்டு. கிள்ளைக்கு அருகே ஒன்று, கொள்ளிடத்தை அடுத்துப் பிரம்பு வேலைக்குப் பெயர்போன மற்றொன்று. 'தகியா' என்ற சொல்லே தைக்கா, தைக்கால் என்றாயிற்று.

இதோடு நிறுத்தினால் படம் பாதிதான். முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் கொள்ளுமேடு, ஆயங்குடி, நெல்லிக்குப்பம் ஆகியவற்றின் பெயர்களைப் பாருங்கள். மேடு, குடி, குப்பம் எல்லாம் நிலத்தைப் பார்த்து வைத்த தூய தமிழ்ப் பெயர்கள். நம் முன்னோர் அவற்றை மாற்ற நினைக்கவில்லை. தங்கள் பெயருக்கு முன்னால் அவற்றையே பெருமையுடன் இட்டுக்கொண்டனர். மேடையில் ஓர் ஆலிமை அழைக்கும்போது ஊரைச் சொல்லித்தான் அழைக்கிறோம். புகாரா என்ற ஊர் இல்லையேல் புகாரீ என்ற பெயர் ஏது? திர்மிதீ, நஸாயீ எல்லாம் ஊர்ப்பெயர்களே. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நவா, சிரியாவின் ஹவ்ரான் பகுதியிலுள்ள ஒரு சிறிய ஊர். அந்த இமாமின் நூல்களால்தான் உலகம் அதை அறிகிறது.

இவ்விடத்தில் யாகூத் அல்ஹமவீ அவர்களைக் குறிப்பிட வேண்டும். ரோமப் பின்னணியில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்று, நூல் வணிகராக ஊர் ஊராகச் சுற்றியவர். ஹிஜ்ரி 615இல் மர்வ் நகரில் அறிஞர் ஒருவரின் அவையில், ஹதீஸில் வரும் ஓர் இடப்பெயரைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்டது. அறியாமைக் காலத்து அரபுகளின் சந்தை ஒன்றின் பெயர் அது. 'ஹுபாஷா' என்று அவர் சொன்னார். அவையிலிருந்த ஒரு ஹதீஸ் அறிஞர் மறுத்து, 'ஹபாஷா' என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நூல்களைப் புரட்டித் தேடியும் அப்போது யாகூத்துக்கு விடை கிட்டவில்லை. இத்தகைய பெயர்களுக்கென்று ஒரு நூல் வேண்டும் என்று அன்று தோன்றியதே 'முஃஜமுல் புல்தான்' என்ற மாபெரும் ஊர்ப்பெயர் அகராதிக்கு வித்து. ஓர் உகரமா அகரமா என்ற சிறு வழக்கு! அடுத்த சில ஆண்டுகளில், 1221இல், மங்கோலியர் மர்வை அழித்தனர். யாகூத் மணிக்கணக்கில் அமர்ந்து படித்த நூலகங்களும் அதனுடன் போயின. அவர் முன்னரே தப்பி வந்துவிட்டதால், அவர் குறித்து வைத்திருந்தவை மிஞ்சின.

இனி அந்தப் பத்திரத்திற்கு வருகிறேன். 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு 'உமீத்' என்ற இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் அதில் பதிவேற்ற வேண்டும் என்று கூறியதும், ஜமாஅத்துகள் பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்ததும் நினைவிருக்கும். நம் பகுதியின் ஒரு சிற்றூர் ஜமாஅத்தார் மடிப்பில் கிழிந்த ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து படித்துச் சொல்லும்படி கேட்டனர். பள்ளிவாசல் விளக்கெண்ணெய்ச் செலவுக்காக யாரோ ஒரு நல்லடியார் எழுதிவைத்த சிறு நிலம். எழுத்து எனக்குப் புரிந்தது. இடம்தான் புரியவில்லை. நான்கெல்லை இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: வடக்கே கொறுக்கை மேடு, கிழக்கே பீரப்பா குட்டை, தெற்கே ஓடை வாய்க்கால், மேற்கே புளியந்தோப்பு. சர்வே எண் என்ற ஒன்றே அதில் இல்லை. எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை. ஊரில் எல்லாருக்கும் பீரப்பா குட்டை தெரிந்திருந்தது.

இன்றைய நிர்வாகிகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எல்லாரும் நாற்பதுக்கு உட்பட்டவர்கள். பாதிப் பேர் வளைகுடாவில் இளமையைக் கழித்தவர்கள். ஊரைச் சுற்றி விசாரித்துக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சொன்னார். இந்து சமயத்தவர், வாழ்நாள் முழுதும் நடவு வேலைக்குப் போனவர்.

"பீரப்பா குட்டையா? அது அங்கதானே பாய் இருந்துச்சு, ரேசன் கடை இருக்குல்ல, அதுக்குக் கீழ. நாங்க சின்னப் புள்ளையா இருக்கச்சே நடவு முடிஞ்சு அதுலதான் கைகால் கழுவுவோம். யாரோ பீரு ஒருத்தர் வெட்டினதாம். தூர்ந்துபோச்சு."

"ஆயா, அப்ப புளியந்தோப்பு?"

"அது எங்க அப்பன் காலத்துலயே வெட்டிட்டாங்க. செங்கல் சூளைக்கு."

குட்டை இருந்த இடம் தெரிந்ததும் வாய்க்காலும் தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலரின் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க ஒரு பிடி கிடைத்தது. கொறுக்கை மேடு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை; மேடுகளை டிராக்டர் சமன்படுத்திவிட்ட பிறகு அதை எங்கே தேடுவது? நம் வக்ஃபின் கிழக்கு எல்லையைப் பள்ளிவாசலோ அரசு அலுவலகமோ காக்கவில்லை; கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்தத் தாயின் நினைவு காத்திருந்தது. அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரியட்டும்.

வயலுக்கும் குட்டைக்கும் பெயர் இருந்த காலத்தில் எண் தேவைப்படவில்லை. எண் வந்த பிறகு பெயர் தேவைப்படவில்லை என்று நினைத்துவிட்டோம். நில அளவையும் வரியும் வந்தபோது புகுந்த சொற்களில் பல நம் மதரஸா மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். ஜில்லா, தாலுகா, பசலி, கிஸ்து, வசூல், இனாம் எல்லாம் அரபு வேரின. மிராசு என்பது 'மீராஸ்', நாம் ஃபராயிளில் கற்பிக்கும் வாரிசுரிமை. இதே வழியில் ஆங்கிலேயர் நம்மிடமிருந்தும் எடுத்துச் சென்றனர். நம் ஊர்ப்பெயரின் கடைசியிலுள்ள 'தோப்பு', 'டோப்' என்று அவர்களுடைய இந்திய ஆங்கிலத்தில் மாந்தோப்பைக் குறிக்கும் சொல்லாகவே புழங்கியது.

அந்த ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் என்ன செய்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி. ஏறக்குறைய நம் மகல்லா போன்றது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் வழக்கத்தைப் பணமாக மாற்றும் சட்டம் 1836இல் அங்கே வந்தது. அதற்காகப் பாரிஷ் வாரியாக வரைபடம் வரைந்து, ஒவ்வொரு வயலுக்கும் எண்ணிட்டு, அட்டவணையில் எண்ணுக்கு எதிரே பல இடங்களில் வயலின் பெயரையும் எழுதினர். 1923இல் ஊர்ப்பெயர்களை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகத் தொகுதிகள் வெளியிட்டு வருகின்றனர். மான்செஸ்டரின் 'செஸ்டர்' ரோமானியரின் படை முகாமைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெர்பியின் 'பி' டேனியரின் மொழியில் ஊர். படையெடுத்து வந்தவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள்தாம். அவற்றைக் கண்டு அவர்கள் வெட்கப்படவும் இல்லை, துடைக்கவும் இல்லை, எழுதிவைத்தார்கள். நம் மாநிலத்தில் 2020 ஜூனில் 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஓர் அரசாணை வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. உச்சரிப்புக்குக் காட்டிய அந்த அக்கறையில் கால்பங்கை வயல்களின் பெயர்களுக்குக் காட்டினால் நன்றாயிருக்கும்.

நெய்வேலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கிய கதை, 1956இல் நிறுவனமாயிற்று. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. நம் உறவினர் பலருக்கு வேலை கிடைத்தது. என் மாணவர்களில் சிலரின் தந்தையர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே வேளையில், சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் இடம்விட்ட ஊர்கள் பல. நகரியத்தில் தெருவுக்குப் பெயருண்டு, பகுதிக்கோ எண்தான். 'எந்த வட்டம்?' என்று கேட்பார்கள். 'இருபத்தொன்று' என்று பதில் வரும். அந்த எண்களுக்கிடையே, பங்குனி உத்திரத்தில் கூட்டம் பெருகும் ஒரு முருகன் கோயில் மட்டும் மறைந்த ஊரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. அதையும் வேலுடையான்பட்டு என்றும் வில்லுடையான்பட்டு என்றும் இருவிதமாக எழுதுகின்றனர். வேலா வில்லா? ஊர் இருந்திருந்தால் ஊரார் சொல்லியிருப்பார்கள்.

சுரங்கம் இப்போது நம் பக்கம் நகர்ந்துள்ளது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இழப்பீடு போதுமா, வேலை கிடைக்குமா என்ற கேள்விகள் பெரியவை. அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்றைப் பற்றி. நிலத்துக்கு விலை உண்டு. வீட்டுக்கும் மரத்துக்கும் விலை உண்டு. வேறிடத்தில் பள்ளிவாசலையும் கோயிலையும் எழுப்பிக்கொள்ளலாம். இழப்பீட்டுப் பட்டியலில் களத்துமேட்டின் பெயருக்கென்று ஒரு வரி கிடையாது.

பெயர் மாறுவதையே மார்க்கம் வெறுக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தீய பொருள் தரும் பெயர்களை நல்ல பெயர்களாக மாற்றியுள்ளார்கள். வறண்டது என்று பொருள்படும் பெயருடைய ஒரு நிலத்துக்குப் பசுமையானது என்ற பொருளில் பெயரிட்டதை அபூதாவூதில் காண்கிறோம். யஸ்ரிப் மதீனாவாயிற்று. ஆனால் யஸ்ரிப் என்ற சொல்லைக் குர்ஆன் துடைத்தெறியவில்லை. நயவஞ்சகர்களின் பேச்சாக அது 33:13இல் இன்றும் ஓதப்படுகிறது. மக்காவுக்கு பக்கா என்ற பெயரும் உண்டென்பதை 3:96 நமக்குச் சொல்கிறது. புதுப் பெயரைச் சூட்டிய சமுதாயம் பழைய பெயரையும் மனனம் செய்து வைத்திருக்கிறது.

அந்தப் பத்திரத்திற்குப் பின் மக்தபின் மூத்த மாணவர்களிடம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். வீட்டிலுள்ள நன்னா, நன்னி, தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு ஆயா, யாராயினும் சரி. அவர்கள் சிறுவயதில் எந்தக் குளத்தில் குளித்தார்கள், எந்த மேட்டில் மாடு மேய்த்தார்கள், அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுத வேண்டும். சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. சொன்னவர் வயது, அங்கே இப்போது என்ன இருக்கிறது, பள்ளிவாசலிலிருந்து எந்தத் திசை, இவ்வளவுதான். செல்பேசியில் குரலையும் பதிவுசெய்து வைத்தால் நல்லது. உங்கள் மகல்லாவிலும் இதைச் செய்யலாம். ஒரு ரமளான் விடுமுறை போதும். வக்ஃபுப் பத்திரம் உள்ள ஜமாஅத்துகள் முதலில் நான்கெல்லைப் பெயர்களிலிருந்து தொடங்குவது நலம். எண்பது வயதைக் கடந்தவர்களிடம் முதலில் செல்லுங்கள்.

சென்ற வாரம் இரு மாணவர்களுக்குள் ஒரு சச்சரவு. ஒருவன் தன் பாட்டனாரிடம் விசாரித்ததில், ரேஷன் கடைக்குக் கீழே இருந்தது பீரப்பா குட்டை அன்று, பீரம்மா குட்டை என்று சொல்லியிருக்கிறார். பீரம்மா என்ற பெண்மணி தன் காதுநகையை விற்று வெட்டுவித்ததாம். மற்றவன் பத்திரத்தைக் காட்டி மறுத்தான். பத்திரத்தில் அந்தச் சொல் மடிப்பின் மேல் விழுந்து மை அழிந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் 'பீர' என்பது வரைதான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.